அளவெடுத்துச் செய்த மேஜை

என் வயதுக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் நான் ஒரு கேள்வி கேட்பேன். சின்ன வயதில் எங்கே உட்கார்ந்து படித்தீர்கள்? கேட்டுப் பாருங்கள், ஒருத்தரும் சும்மா பதில் சொல்ல மாட்டார்கள். டிரங்குப் பெட்டி மேல் என்பார் ஒருவர். மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டி மூடி மேல், அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் இருக்கும். பாங்கில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், "நான் கட்டிலுக்கு அடியில படுத்துதாங்க படிச்சேன், அங்கதான் என் தம்பியோட தொல்லை இல்ல" என்றார். இதைச் சொல்லும்போது அத்தனை பேரும் தங்களை அறியாமல் பழையபடி உட்கார்ந்து காட்டுவார்கள். முதுகு தானாக வளையும், தலை ஒரு பக்கம் சாயும். எனக்கு அதைப் பார்க்கத்தான் ஆசை.

நான் படித்தது அம்மாவின் தையல் மிஷின் பலகை மேல்.

தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் போகும் தெருவில் இரண்டு அறை வாடகை வீடு. முன்னறையில் மிஷின். காலையிலும் மதியமும் அம்மா அதில் பிளவுஸ் தைப்பாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஊசியை மேலே தூக்கிவிட்டு, மிஷினைத் துணிபோட்டு மூடி, பக்கத்தில் இருக்கும் முக்கால் முழப் பலகையை எனக்கு விடுவாள். என் கணக்கு நோட்டு முழுக்க மிஷின் எண்ணெய் வாசனை அடிக்கும். புவியியல் புத்தகத்தில் குண்டூசி இருக்கும். அவசரத் துணி எதுவும் வந்துவிட்டால் எழுந்து தரைக்குப் போக வேண்டும்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு, தாம்பரத்தில். காலாண்டுப் பரீட்சையில் மூன்று பாடத்தில் போனேன். ரேங்க் கார்டில் மிஸ் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: வகுப்பில் கவனமில்லை, பக்கத்தில் உள்ளவர்களிடம் ஓயாமல் பேசுகிறாள். பேசியது உண்மைதான். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டுக்கேட்டு எழுதுவேன். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். முன்னால் இருப்பவர்கள் பார்த்து எழுதுவார்கள், அவர்களைப் பார்த்து அடுத்த வரிசை எழுதும், அப்படியே கைமாறி என்னிடம் வரும் என்பது என் எண்ணம். பேசுகிறாள் என்பதற்காக மிஸ் என்னைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார். அங்கே இன்னும் நிறையக் கேட்க வேண்டியிருந்தது.

அப்பா பாரிமுனையில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. வீட்டிலும் அலுவலகக் கடிதம் மாதிரிதான் பேசுவார். "விஷயத்த முதல்ல சொல்லு, காரணம் அப்புறம்" என்பது அவர் வாக்கு. அன்றைக்கும் விஷயத்தை முதலில் சொன்னார். அரையாண்டிலும் இதே கதை என்றால் நாகர்கோவில் பக்கம் அத்தை ஊரில் இருக்கும் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்துவிடுவார். காரணம், இங்கே எனக்குச் செல்லம் அதிகம். அத்தைக்குக் கடிதமும் எழுதி, உறையில் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். ஸ்டாம்ப் ஒட்டியதுதான் என்னைப் பயமுறுத்தியது. அப்பா ஸ்டாம்ப்பை வீணாக்குகிற ஆள் இல்லை.

அம்மாவிடம் வேறு காரணம் இருந்தது. "அவ உக்கார்ற இடமே சரியில்லைங்க. முதுகு இப்படி வளைஞ்சு கிடந்தா படிப்பு எங்க ஏறும்?" என்றாள். அவள் சொன்னதில் ஒன்று சரி. நான் புத்தகத்தின் மேல் கவிழ்ந்துதான் படிப்பேன். மிஷின் பலகை அவ்வளவு தாழ்வு என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம், நான் உட்பட. ஒரு மேஜை வேண்டும் என்றாள் அம்மா. பொங்கல் கழியட்டும் என்றார் அப்பா. பரீட்சை டிசம்பரிலேயே வந்துவிடும்.

"ஒரு லைனிங் பிளவுஸுக்கு எத்தனை துண்டு வெட்டி சேக்கறேன். மேஜைக்கு மேல ஒண்ணு, கால் நாலு. அவ்வளவுதானே?" என்றாள் அம்மா. அப்பா செய்தித்தாளைத் திருப்பினார். அவரைப் பொறுத்தவரை பேச்சு முடிந்துவிட்டது. அம்மாவைப் பொறுத்தவரை வேலை ஆரம்பித்துவிட்டது.

எதிர்வீட்டில் ஒரு அண்ணன் இருந்தார். தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. வெளிநாட்டு மிஷின்கள் வந்த மரப்பெட்டிகளைப் பிரித்து, பலகையைச் சைக்கிளில் கட்டி எடுத்து வருவார். யார் கேட்டாலும் கொடுப்பார். அம்மா கேட்டபோது, "இன்னாக்கா, கோழிக்கூண்டா?" என்றார்.

"மேஜை, தம்பி. பாப்பாவுக்கு."

"மேஜையா? ஆரு செய்யறது?"

"நான்தான்."

அவர் ஒரு காலைப் பெடலில் வைத்தபடியே அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "செய்யிக்கா. ஆனா பலகை நான் குடுத்தேன்னு எங்கியும் சொல்லிக்காத. நாளைக்கு ஒடிஞ்சி வுழுந்தா என் பேரு பேஜாராய்டும்."

அந்தப் பலகைகள் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெளுத்த மரம், சந்தன நிறம்கூட இல்லை, பாலாடை நிறம். முகர்ந்தால் சாம்பிராணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்த மாதிரி. எங்கள் வீட்டில் அதற்குமுன் அந்த வாசனை இருந்ததில்லை. முடிச்சு இருந்த இடங்களில் பிசின் ஒட்டியது. பலகைகளில் கறுப்பு மையில் படங்கள் அச்சடித்திருந்தார்கள். ஒரு குடை, ஒரு கண்ணாடிக் கிண்ணம், மேலே பார்க்கும் இரண்டு அம்புக்குறிகள். குடை எதற்கு என்று கேட்டேன். நனையக்கூடாது என்பதற்கு என்றாள் அம்மா. அப்போது அவை எங்கள் வாசலில் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டிருந்தன. எந்த நாட்டு மரம், அந்த ஊர்ப் பிள்ளைகள் எதில் வைத்துப் படிப்பார்கள், மரத்துக்குள் இருக்கும் கோடுகளை யார் போட்டது என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு பதில் சொன்னாள். தெரியாது என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை, தெரியாத விஷயங்களிலும்.

ஆணி வாங்கப் பெருங்களத்தூருக்குப் போனோம். எத்தனை இன்ச் ஆணி என்று கடைக்காரர் கேட்டார். அம்மா, ஹூக் வாங்குகிற கடையில் காட்டுவதுபோல விரலை அகட்டிக் காட்டினாள். அவர் சிரிக்காமல் பொட்டலம் கட்டினார். "ஆணி வாங்க வர்றவங்க மூணு தடவை வராம வேலை முடிஞ்சதா என் சர்வீஸ்லயே இல்லம்மா" என்றார். நாங்கள் நாலு தடவை போனோம். நாலாவது தடவை அவரே, "உங்களுக்காக என் கணக்க மாத்த வேண்டியதாப் போச்சு" என்று உப்புத்தாள் ஒன்றை இனாமாகக் கொடுத்தார்.

அளவெடுப்பதை அம்மா முறையாகச் செய்தாள். என்னை முக்காலியில் உட்காரவைத்து, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தரையிலிருந்து முட்டிவரை, தரையிலிருந்து முழங்கைவரை, கை நீட்டினால் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். அவளிடம் வாடிக்கையாளர்களின் அளவு நோட்டு ஒன்று உண்டு. பக்கத்துக்கு ஒரு ஆள். பேரெல்லாம் எழுத மாட்டாள். டீச்சரம்மா, போஸ்டாபீஸ் அக்கா, மாடிவீட்டு மருமகள் என்று இருக்கும். அந்த வரிசையில் ஒரு பக்கத்தில் 'மேஜை' என்று தலைப்பிட்டு, முட்டி பதினேழு, முழங்கை இருபத்துமூன்றரை என்று எழுதினாள். வயதுக்கு வரப்போகிற பெண்களின் பாவாடைக்குக் கீழே மடித்துத் தைப்பாள், பிறகு பிரித்து இறக்கிக்கொள்ளலாம் என்று. அதே கையால் மேஜைக் காலுக்கும் இரண்டு அங்குலம் கூடுதலாக எழுதினாள். வளர்ற பொண்ணு.

பழைய செய்தித்தாளைச் சோற்றுப்பசையால் ஒட்டி, மேஜையின் மேல்பலகையைக் காகிதத்தில் வெட்டித் தரையில் விரித்தாள். நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு மேஜை நிற்பதற்கு முன்னால் படுத்துக் கிடப்பதைப் பார்ப்பது விசித்திரமாக இருந்தது. காகிதத்தைப் பலகைமேல் வைத்து, தையல்காரர்களின் நீலச் சாக்கட்டியால் கோடு இழுத்தாள். பிறகு ரம்பம். எதிர்வீட்டு அண்ணனுடையது.

"கத்தரி சொன்ன பேச்சு கேக்கும். இது என்னடி, சந்தைக்கு ஆட்டுக்குட்டிய இழுத்துட்டுப் போற மாதிரி இழுக்குது" என்றாள் அம்மா. முதலில் நான் பலகைமேல் பாரமாக உட்கார்ந்திருந்தேன். பிறகு எனக்கும் ரம்பத்தைக் கொடுத்தாள். நாலு காலில் இரண்டு நான் அறுத்தது. எனக்குக் கோடு தவறவே இல்லை. ஏனென்றால் நான் கோட்டுக்குப் பக்கத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டு அறுத்தேன். தூளை ஊதுவேன், நாலு இழுப்பு இழுப்பேன், மறுபடி ஊதுவேன். மூக்கெல்லாம் வெள்ளையாக இருக்கும். அம்மா என் நெற்றியில் கைவைத்துப் பின்னால் தள்ளுவாள். "மூக்க அறுத்துக்காதடி. இருக்கிறதே கொஞ்சம்."

எல்லாப் பலகையும் அறுத்து முடித்து, சேர்க்கப்போன அன்றுதான் விஷயம் தெரிந்தது. அம்மா ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பக்கமும் அரை அங்குலம் தையலுக்கு விட்டிருந்தாள். இருபது வருடப் பழக்கம், கை தானாக விட்டுவிட்டது. இரண்டு பலகையை மூலையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவள் எதையோ தேடினாள். திருப்பிப் பார்த்தாள், மறுபடி சேர்த்தாள். "மரத்துல மடிக்க எடமே இல்லையே" என்றாள் மெதுவாக. அதன்பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. பலகையைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அளவு விஷயத்தில் அம்மா தப்பு செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கே அது வேடிக்கையாக இருந்தது போலிருக்கிறது.

எட்டிப் பார்த்த எதிர்வீட்டு அண்ணன் நிலைமையைக் கேட்டுவிட்டு, "மரத்துக்கு இன்னாக்கா உள்பக்கம் வெளிப்பக்கம்? வெட்னா வெட்னதுதான். பெர்சா கீறதால பொழச்ச, சின்னதா வெட்டிருந்தா இன்னா பண்ணுவ?" என்றார். கால்களை இணைக்கும் சட்டத்துக்கான நாலு துண்டையும், நாலு காலையும் மறுபடி அறுத்தோம். மேல்பலகையை மட்டும் அப்படியே விட்டோம். அது நாலு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நின்றது, ஓரம் வைத்துத் தைத்த மேஜை மாதிரி.

அம்மாவின் தையல் வழக்கம் உபயோகப்பட்ட இடமும் உண்டு. முழுத் தையல் போடுமுன் பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டுப் பார்ப்பாள் அல்லவா, அதே மாதிரி சின்ன ஆணிகளைப் பாதிவரை அடித்து முழு மேஜையையும் ஒரு தடவை நிறுத்திப் பார்த்தாள். கோணல் இருந்த இடத்தில் பிடுங்கிச் சரிசெய்து, அதன்பிறகே பெரிய ஆணி. பின்னாளில் பல தச்சர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த அளவுக்கு வாடிக்கையாளர்மேல் மரியாதை வைத்து யாரும் வேலை செய்து பார்க்கவில்லை.

மழைக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு சாயங்காலங்கள். ஏரி நிறைந்து தெருக்கோடிவரை தவளைச் சத்தம். ஒரு சனிக்கிழமை மேஜை நான்கு காலில் நின்றது. நின்றது என்றால், மூன்று காலில் நின்று நாலாவது காலைத் தூக்கிக்கொண்டது.

மறுநாள் அப்பா சர்ச்சிலிருந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், மூலையில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். மேஜை டக்கென்று ஆடியது. இவ்வளவு நாளாக இந்தப் பக்கமே திரும்பாத மனிதருக்கு அந்த டக் பிடித்துப்போயிற்று.

"எங்க ஆபீஸ்ல முப்பது மேஜை இருக்கு. ஒண்ணாவது ஆடுதா?"

"உங்க ஆபீஸ்ல மேஜையும் ஆடாது, ஆளும் ஆட மாட்டாங்க" என்றாள் அம்மா.

அப்பா ரம்பத்தை எடுத்தார். நெட்டையாகத் தெரிந்த காலில் ஒரு சீவல். நிறுத்தினால் எதிர்க்கால் தூக்கியது. அதில் ஒரு சீவல். இப்போது முதல் கால். இப்படியே நாலு காலையும் சுற்றிச் சுற்றி வந்தார். அம்மா மடித்துத் தைக்க விட்ட இரண்டு அங்குலமும் போயிற்று, அதற்கும்மேல் ஒரு அங்குலம் போயிற்று. அப்பாவின் வெள்ளைச் சட்டை கைவரை மரத்தூள். மேஜை இன்னமும் ஆடியது. அவர் மறுபடியும் ரம்பத்தை வைத்தபோது நான் ஒரு சந்தேகம் கேட்டேன். தரை கழுவும்போது தண்ணீர் எப்போதும் அந்த மூலை ஓட்டைக்குத்தானே ஓடுகிறது, அப்படியென்றால் அந்தப் பக்கம் தரையே பள்ளம்தானே?

அம்மாவும் நானும் மேஜையைத் தூக்கி ஜன்னல் பக்கம் வைத்தோம். ஆடாமல் நின்றது. அப்பா ரம்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, சட்டையைத் தட்டிக்கொண்டே கிணற்றடிக்குப் போனார்.

இப்போது மேஜை தாழ்வாகிவிட்டது. பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. நான் புதுமேஜையில் உட்கார்ந்தேன், வழக்கம்போலக் கவிழ்ந்தேன். அப்பாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தான் வெட்டியதால்தான் என்று அவருக்கு. கடிகாரத்துக்குப் பின்னால் இருந்த உறை என்னை எவ்வளவு பயமுறுத்தியதோ, அந்த வாரம் அவரையும் அவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அவரே மீதிக் கட்டையில் நாலு துண்டு அறுத்து ஒரு அங்குலத்துக்குக் காலுக்கு அடியில் வைத்தார். அம்மா, "ட்ரையல் பாக்கலாம், உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். கவிழ்ந்தேன்.

அம்மாவுக்கு ஆல்டர் செய்வது புதிதில்லை. தைத்ததைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, சுற்றிவந்து பார்த்து, எங்கே பிடிக்கிறதோ அங்கே பிரிப்பாள். இரண்டு நாள் விட்டு இன்னொரு கட்டை. பிறகு அதற்கும் அடியில் செங்கல். ஒவ்வொரு தடவையும் நான் உட்கார்ந்து வரலாற்றுப் புத்தகத்தைப் படித்துக் காட்ட வேண்டும், அவள் டேப்பால் அளந்து நோட்டில் குறிப்பாள். மேஜை உயரம் இவ்வளவு, முழங்கை இவ்வளவு, மூக்குக்கும் புத்தகத்துக்கும் நடுவே இவ்வளவு. நாலாவது ட்ரையலில் மேஜை என் மார்புக்கு மேலே வந்துவிட்டது. கையைத் தூக்கி மதில்மேல் வைப்பதுபோல வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதும் கழுத்து மட்டும் வளைந்து முகம் புத்தகத்துக்குப் போயிற்று.

அம்மா அளந்தாள். நோட்டைப் பார்த்தாள். வாயில் இரண்டு குண்டூசி வைத்திருந்தாள், அவற்றை எடுத்துத் துணியில் குத்திவிட்டு மறுபடி அளந்தாள்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க. எல்லா அளவும் மாறுது. இது ஒண்ணு மட்டும் மாறல."

அப்பா வந்து நோட்டைப் பார்த்தார். மூக்கு, ஏழு. மூக்கு, ஏழு. ஏழு. ஏழு.

அம்மா என்னைப் பார்த்து, "அந்தக் காலண்டர்ல இன்னிக்கு என்ன தேதி?" என்றாள். காலண்டர் எதிர்ச்சுவரில் இருந்தது. நான் எழுந்து அதை நோக்கி நடந்தேன்.

"உக்காந்த எடத்துலேர்ந்து சொல்லுடி."

"இங்கேர்ந்து எப்படிம்மா தெரியும்?"

"ஏன்? எனக்குத் தெரியுதே" என்றார் அப்பா.

அந்த வார்த்தை என் காதில் விழுந்த விதத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? வருத்தமாக இல்லை. அப்பா பொய் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவரிடம் தேதி என்ன, கிழமை என்ன, அதற்குக் கீழே பொடி எழுத்தில் என்ன என்று கேட்டுவிட்டு, ஓடிப்போய்க் காலண்டரில் பார்த்தேன். அத்தனையும் சரி. அவருக்குத் தெரிகிறது. அம்மாவுக்கும் தெரிகிறது. ட்யூப் லைட்டுக்குப் பக்கத்தில் ஒரு பல்லி இருக்கிறதாம். எனக்கு அங்கே ஒரு நிழல் இருந்தது.

"அப்பா, பல்லிக்குக் கண்ணுகூடத் தெரியுதா?"

"தெரியுது" என்றார்.

"விரல்?"

"தெரியுதும்மா."

நான் இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். பெருங்களத்தூர் ஸ்டேஷனில் நின்றால் வரும் ரயிலின் முன்னால் இருக்கும் பேர் தெரியுமா, ஏரிக்கு அந்தக்கரையில் நிற்பவர்களுக்கு முகம் இருக்கிறதா என்று. அப்பா எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றார். காரணத்தை முதலில் கேட்டிருக்கலாம் என்று அவருக்கு அப்போது தோன்றியதோ என்னவோ, எனக்குத் தெரியாது.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் பெரியவர்கள் தெரிந்த பிறகும் தயங்குவார்கள், நாமும் அந்த வயதுக்கு வந்து தயங்கியவர்கள்தானே. பெண் பிள்ளைக்கு இந்த வயதிலேயே கண்ணாடியா, பிற்பாடு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று அப்பா கவலைப்பட்டார். முதலில் கீரை கொடுத்துப் பார்க்கலாம் என்றார். ஆறு நாள் பொன்னாங்கண்ணி. பொரியல், கூட்டு, கடைசல். கூடவே பச்சைக் காரட். ஏழாம் நாள் காலை அம்மா காலண்டரைப் பார்த்தாள். பரீட்சைக்கு ஒன்பது நாள். டிபன் பாக்ஸை அப்பா கையில் கொடுத்துக்கொண்டே சொன்னாள். "பொன்னாங்கண்ணி நல்லதுதாங்க. அத தின்னுக்கிட்டே கண்ணாடி போடட்டும்." அப்பா ரயிலுக்குப் போனதும் மிஷினைத் துணிபோட்டு மூடிவிட்டு, என்னைத் தாம்பரத்தில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அளவு நோட்டையும் எடுத்து வந்திருந்தாள். டாக்டர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "மேஜைன்னு போட்டிருக்கே, இது யாரு?" என்று கேட்டார்.

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது கண்ணாடி வந்தது. பழுப்பு நிற பிரேம், மூக்கைவிடப் பெரிது. எதிர்வீட்டு அண்ணன் பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, டீச்சராய்ட்டியா? இனிமே உன்னாண்ட உஷாரா பேசணும் போலகீது" என்றார். மேஜையின் செங்கல்லையும் கட்டைகளையும் அம்மா ஒவ்வொன்றாக உருவினாள். அப்பா முதலில் வைத்த ஒரு அங்குலக் கட்டை மட்டும் நின்றது. இருபத்துமூன்றரை. அவள் முதல்நாள் எடுத்த அளவு.

நாலு நாளில் நான் ஒன்றும் மேதையாகிவிடவில்லை. அரைவருடப் பாடத்தைப் பாதிதான் கேட்டிருந்தேன். எல்லாவற்றிலும் தேறி, கணக்கில் மட்டும் இரண்டு மார்க்கில் போனேன். அப்பா கார்டில் கையெழுத்துப் போட்டார். பிறகு கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து உறையை எடுத்து, ஸ்டாம்ப்மேல் ஈரத்துணியை வைத்து ஊறவிட்டுப் பிரித்து, அத்தைக்கே ஒரு பொங்கல் வாழ்த்து அனுப்பினார். கண்ணாடியைப் பற்றி அதில் எழுதவில்லை. மிஸ் என்னை இரண்டாவது பெஞ்சுக்கு மாற்றினார், கொஞ்ச நாள் போர்டில் எழுத்தைப் பெரிதாக எழுதினார். கண்ணாடி வந்த பிறகு பெரிதாக எழுதி என்ன? ஆனால் மன்னிப்புக் கேட்பது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி வருகிறது.

மேஜை பிறகு நாங்கள் குடிபோன ஊரப்பாக்கம் வீட்டுக்கு வந்தது. அதில் மிக்ஸி இருந்தது, பிறகு தண்ணீர்க் குடம் இருந்தது, கடைசியில் செல்லரித்து ஒரு மழைக்காலத்தில் அடுப்புக்குப் போயிற்று. அப்போது நான் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தேன். சொல்லியிருந்தால் ஒரு பலகையாவது கேட்டிருப்பேன்.

ஆனால் உங்களிடம் நான் சொல்ல வந்தது கண்ணாடி வந்த அந்த முதல் சாயங்காலத்தைப் பற்றி. ஜன்னலோரம் மேஜையில் நான், எதிர்ச்சுவர்ப் பக்கம் மிஷினில் அம்மா. மேஜை வந்துவிட்டதால் அவள் இப்போது சாயங்காலமும் தைக்கலாம். நான் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தேன், சத்தம் போட்டு, கொஞ்சம் பெருமையாக. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நின்றது. மிஷின் நின்றால் நூல் அறுந்துவிட்டது, இல்லை அடியில் பாபினில் நூல் தீர்ந்துவிட்டது என்பது என் கணக்கு. பிறந்ததிலிருந்து கேட்கும் சத்தம், அதற்காக நான் தலையைத் தூக்கியதே இல்லை. தூக்கியிருந்தாலும் அந்தப் பக்கம் ஒரு புடவையின் நிறம்தான் தெரிந்திருக்கும். அன்றைக்குப் புதுக் கண்ணாடிக்கு வேலை கொடுக்கும் ஆசையில் தலையைத் தூக்கினேன்.

நூல் அறுந்திருக்கவில்லை. இழுத்துக் கட்டியபடி ஊசிக்குள் போயிருந்தது, அதுகூடத் தெரிந்தது. அம்மா சக்கரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நீ படி."

குனிந்துகொண்டேன். மிஷின் ஓடியது. அடுத்த தடவை நின்றபோதும் பார்த்தேன், அதற்கடுத்த தடவையும் பார்த்தேன். விளக்கேற்றுகிற நேரம்வரை அன்று மிஷின் ஆறு தடவை நின்றது. நூல் அறுந்தது ஒரே ஒரு தடவை.